இடைவெளி இல்லாமல் அசைய வேண்டும்

ஏரோமாடலிங் கற்றுக்கொள்ள வரும் பையன்கள் முன்பெல்லாம் என்ஜின் எத்தனை சி.சி. என்று கேட்பார்கள். இப்போது வருகிறவர்கள் மோட்டார் எத்தனை கே.வி., பேட்டரி எத்தனை செல் என்று கேட்கிறார்கள். கீல் எப்படிப் பொருத்துவது என்று தானாகக் கேட்டு வந்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை. மாடல் விமானம் கட்டுவது, கட்டிக் கொடுப்பது, விழுந்ததை ஒட்டிக் கொடுப்பது என்று எனக்கு நாற்பது ஆண்டு ஓடிவிட்டது. என்ஜின் நின்று விழுந்தவை பட்டறைக்கு வந்திருக்கின்றன. ரேடியோ கோளாறால் விழுந்தவையும் வந்திருக்கின்றன. ஆனால் "சிக்னல் போயிடுச்சு சார்" என்று சொல்லிக் கொண்டுவந்தவற்றில் கணிசமானவை கீல் பிடுங்கிக்கொண்டு விழுந்தவைதான்.

கூலி பேசும்போதும் இதே கதைதான். பெயின்ட்டுக்குக் காசு தருவார்கள், ஃபிலிம் ஒட்டுவதற்குத் தருவார்கள், என்ஜின் ட்யூனிங்குக்குக் கேட்டதைத் தருவார்கள். கீல் பொருத்த ஒரு முழு நாள் ஆயிற்று என்று சொன்னால், "அதுக்கா ஒரு நாள்?" என்பார்கள். வேலை சரியாக இருந்தால் கீல் கண்ணில் படாது. கண்ணில் படாத வேலைக்குக் கூலி கேட்பது எந்தத் தொழிலிலும் கஷ்டம்தான்.

விமானத்தைத் திருப்புவது மூன்று பலகைகள். இறக்கையின் பின்விளிம்பில் எய்லரான், வாலில் கிடையாக எலிவேட்டர், அதன் மேல் நிமிர்ந்து நிற்கும் ரடர். இவற்றைத் தாங்கும் கீலிடம் நாம் கேட்பது ஒன்றுக்கொன்று ஒத்துவராத இரண்டு காரியங்கள். பலகை தடையே இல்லாமல் அசைய வேண்டும். அதே சமயம் நடுவில் இடைவெளியும் கூடாது, ஆட்டமும் கூடாது. வீட்டுக் கதவுக்கும் நிலைக்கும் நடுவே விரல் நுழைந்தாலும் குடி முழுகிவிடாது. இங்கே அரை மில்லிமீட்டரைத் தாண்டினாலே கீழ்ப்புறத்துக் காற்று அந்த வழியாக மேலே ஒழுக ஆரம்பிக்கும். ஸ்டிக்கைத் தள்ளிய அளவுக்கு விமானம் திரும்பாது. இத்தனை ஆண்டில் வந்த ஒவ்வொரு வகைக் கீலும் இந்த இரண்டு காரியத்தையும் சேர்த்து முடிக்கப் பார்த்ததுதான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் கல்லூரியில் என்.சி.சி. விமானப் பிரிவில் சேர்ந்தபோது எங்களுக்கு ரேடியோ கிடையாது. கன்ட்ரோல் லைன் விமானம்தான். பதினைந்து மீட்டர் நீளத்தில் இரண்டு எஃகுக் கம்பிகள், கையில் ஒரு பிடி, தலை சுற்றச் சுற்ற வட்டமாகப் பறக்கும். என்ஜின் கொல்கத்தாவில் செய்த அரோரா டீசல். ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றும் கலந்ததுதான் எரிபொருள். பறந்து முடித்த பிறகு சட்டையில் அந்த வாசனை மூன்று நாளைக்குப் போகாது. அந்த விமானத்தில் அசைவது எலிவேட்டர் ஒன்றுதான். அதற்கான கீலை நாங்கள் ஊசி நூலால் தைத்தோம்.

தையல் என்றால் ஏனோதானோ தையல் இல்லை. எலிவேட்டரின் விளிம்பிலும் அது சேர வேண்டிய அசையாத வால் பலகையான ஸ்டெபிலைசரின் விளிம்பிலும் நேருக்கு நேராகத் துளை போட வேண்டும். விளிம்பிலிருந்து மூன்று மில்லிமீட்டர் உள்ளே. அதற்குக் குறைந்தால் பால்சா மரம் கிழியும். நூல் ஸ்டெபிலைசரின் மேலிருந்து கிளம்பி, இரண்டுக்கும் நடுவே இறங்கி, எலிவேட்டரின் அடிக்குப் போய், துளை வழியாக மேலே வரும். மறுபடி நடுவே இறங்கி ஸ்டெபிலைசரின் அடிக்குப் போய், அங்குள்ள துளை வழியாக மேலே ஏறும். பக்கவாட்டில் பார்த்தால் எட்டு போட்ட மாதிரி தெரியும். நூல் நடுவில் குறுக்கே போவதால் இரண்டு பலகையும் ஒன்றோடொன்று உரசுகிற அளவுக்கு நெருங்கும், ஆனால் மடங்குவதற்குத் தடை இருக்காது. தையற்கடையில் கிடைக்கும் நைலான் நூல் போதும். ஐந்தாறு தையலுக்கு ஒரு முடிச்சு, துளைகளில் மட்டும் ஒரு பொட்டுப் பசை. நடுவில் பசையோ டோப் வார்னிஷோ பட்டுவிட்டால் நூல் விறைத்துக் கம்பியாகிவிடும், பிரித்துப் புதிதாகத் தைக்க வேண்டியதுதான்.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த இன்ஸ்ட்ரக்டர் தையலைக் கண்ணால் பார்த்து மார்க் போட மாட்டார். பலகையைத் தள்ளும் புஷ்ராட் கம்பியை மாட்டுவதற்கு முன் விமானத்தை வாங்கி, கிடையாகப் பிடித்து, எலிவேட்டரை நேராக நிறுத்தி விரலை எடுப்பார். தன் எடையிலேயே பலகை கீழே விழ வேண்டும். விமானத்தைக் கவிழ்த்தால் மறுபக்கம் விழ வேண்டும். பாதியில் நின்றால், "இது பறக்காதுப்பா, பிரி" என்பார். அவ்வளவுதான் பரீட்சை. ஆண்டுதோறும் நடக்கும் அகில இந்திய வாயு சைனிக் முகாமில் ஏரோமாடலிங்குக்குப் போட்டி உண்டு. அங்கே போகிற பையன்கள் இந்தப் பரீட்சையில் தேறிய பிறகுதான் மற்றதெல்லாம். சர்வோ, சிப் என்று எவ்வளவோ வந்தும் என் பட்டறையில் இன்றைக்கும் முதல் பரீட்சை இதுதான். பலகையை, அதை அசைக்கும் குட்டி மோட்டாரான சர்வோவோடு இணைத்துவிட்டால் கீலில் இருக்கும் இறுக்கம் தெரியாது. சர்வோ அதை மறைத்துவிடும்.

தொண்ணூறுகளில் கைக்கு ரேடியோ வந்தது. சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ சொந்தக்காரர் இருந்தால் அவர் லீவுக்கு வரும்போது பெட்டியில் இரண்டு சர்வோவும் ஒரு பாக்கெட் நைலான் கீலும் வரும். கதவுக் கீலின் குட்டி வடிவம்தான் அது. இரண்டு இலை, நடுவில் ஒரு பின். இறக்கையிலும் எய்லரானிலும் பிளவு வெட்டி, ஒவ்வொரு இலையையும் உள்ளே செருகி ஒட்ட வேண்டும். பாக்கெட் சின்னது, பதினைந்து இருக்கும். ஒரு விமானத்துக்கே ஏறக்குறைய அத்தனையும் தேவைப்படும் என்பதால் ஒன்றையும் வீணடிக்க மனசு வராது.

பிளவு வெட்டுவதில்தான் எல்லாரும் சறுக்குவார்கள். பால்சா மரம் தன் ரேகை போகிற பக்கம் கத்தியை இழுத்துக்கொண்டு போகும். விளிம்பில் நடுவில் ஆரம்பித்த பிளவு உள்ளே போகப் போக மேல்பக்கம் ஏறி நிற்கும். இதற்கு வழி சொல்லிக்கொடுத்தவர் ஏரோமாடலிங் பக்கமே வராத ஓர் ஆசாரி. ஒரு சின்னக் கட்டையில் இரண்டு ஆணி அடித்து, இரண்டுக்கும் சரிநடுவில் பென்சில் முனையைப் பதித்துக் கொடுத்தார். கட்டையைச் சாய்த்து இரண்டு ஆணியும் பலகையின் இரண்டு பக்கத்திலும் உரசும்படி இழுத்தால், பலகை என்ன கனமாக இருந்தாலும் கோடு நடுவில்தான் விழும். அந்தக் கோட்டில் குண்டூசியால் வரிசையாகக் குத்திக்கொள்வேன். பிறகு கத்தி நுனியால் மேலோட்டமாக ஒரு கீறல். அடுத்த கீறல் இன்னும் கொஞ்சம் ஆழம். ஒரே அழுத்தில் உள்ளே இறக்கினால் கத்தி போகிற இடம் நம் கையில் இல்லை.

பின் இருக்கும் உருண்டைப் பகுதிக்கு விளிம்பில் சின்னதாகப் பள்ளம் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் அந்த உருண்டையின் கனமே இடைவெளியாக நிற்கும். ஒட்டுவதற்கு அரால்டைட், அதுவும் ராத்திரி முழுக்கக் காயும் பழைய ரகம். பசை பின்னுக்குள் புகுந்துவிட்டால் கீல் கல்லாகிவிடும். அதனால் ஒட்டுவதற்கு முன் பின் இருக்கும் இடத்தில் மட்டும் வேசலினைக் குச்சி முனையால் தொட்டு வைப்போம். வேசலின் இலையில் பட்டால் அரால்டைட் பிடிக்காது, தொடாமல் விட்டால் பின் அசையாது. அந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடம் ஒரு மில்லிமீட்டர். பசை காய்ந்ததும் ஒவ்வொரு இலையின் மேலும் மரத்தோடு சேர்த்துத் துளை போட்டு, வெளியூர் ஆட்கள் பல்குச்சி வைக்கும் இடத்தில், நாங்கள் ஈர்க்குச்சியை நறுக்கிச் செருகி ஒரு பொட்டுப் பசை வைத்துச் சீவிவிடுவோம். நைலானை எந்தப் பசையும் முழு மனதாகப் பிடிக்காது. அந்த ஈர்க்குச்சி ஆணிதான் கடைசி வரை தாங்கும்.

மூன்று கீல் வைத்தால் மூன்றும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். நடுவில் உள்ளது ஒரு மயிரிழை மேலே நின்றாலும் பலகை வளைந்துகொண்டுதான் திரும்பும். சர்வோ அதோடு மல்லுக்கட்டும். கொஞ்சம் உன்னிப்பாகக் கேட்டால் ஸ்டிக்கை விட்ட பிறகும் சர்வோ 'ம்ம்' என்று முனகிக்கொண்டே இருப்பது கேட்கும். அந்த முனகலுக்குக் கரண்ட் எங்கிருந்து போகிறது? ரிசீவருக்கும் அதே நாலு செல் நிக்கல் காட்மியம் பேட்டரிதான், 600 மில்லி ஆம்பியர்-மணி. நாலாவது தடவை பறக்கும்போது பேட்டரி படுத்துவிடும், விமானம் தலைகீழாக வரும், பழி ரேடியோ மேல் விழும்.

கம்ப்யூட்டர் சென்டர்கள் தெருவுக்குத் தெரு முளைத்த காலத்தில் எங்களுக்கு இன்னொரு சரக்கு கிடைத்தது: கெட்டுப்போன ஃப்ளாப்பி. உள்ளே இருக்கும் காந்தத் தகடு மெல்லிய பாலியெஸ்டர் ஃபிலிம். எத்தனை தடவை மடக்கினாலும் ஒடியாது. அதைக் கீற்றுக் கீற்றாக வெட்டி, இரண்டு பக்கமும் உப்புத்தாளால் தேய்த்து, பசை பிடிக்க ஊசியால் பல துளை போட்டால் சின்ன விமானங்களுக்கு அருமையான கீல். சென்டர்காரரிடம் கேட்டால் சும்மாவே ஒரு கவர் நிறையக் கொடுப்பார். அந்தக் கீலில் பறந்த பயிற்சி விமானங்கள் கைமாறிக் கைமாறி வெகுகாலம் ஓடின. இதில் கற்றது ஒன்று உண்டு. கீல் ஒடிந்து விழுந்த விமானம் என்று ஒன்றை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். கீல் முழுசாகவே இருக்கும், மரத்தைவிட்டுக் கழன்று வந்திருக்கும்.

இதை ஓரளவு தீர்த்தது சி.ஏ. ஹிஞ்ச். பார்க்க ஒன்றுமில்லை. தபால்தலை அளவில் வெள்ளைத் துண்டு. நடுவில் பாலியெஸ்டர், இரண்டு பக்கமும் பஞ்சு போன்ற நார். பின் கிடையாது, பள்ளம் எடுக்கும் வேலை கிடையாது. பாதியை இறக்கைக்குள்ளும் பாதியை எய்லரானுக்குள்ளும் செருகி, தண்ணீர் போல ஓடும் சையனோஅக்ரிலேட் பசையைச் சொட்டவிட வேண்டும். நார் அதை உறிஞ்சிக் கடைசி மூலை வரை கொண்டுபோகும். மரமும் நாரும் ஒன்றாகிவிடும்.

சுலபமாகத் தெரிவதுதான் இதன் ஆபத்து. இரண்டாயிரத்துக்குப் பிறகு கல்லூரிப் போட்டிகள் பெருகின. ஒரு முறை போட்டிக்கு முதல் நாள் ராத்திரி ஒரு குழு விமானத்தைத் தூக்கிக்கொண்டு வந்தது. இறக்கை அழகு, வால் அழகு, ஸ்டிக்கர் கூட ஒட்டியாகிவிட்டது. எய்லரானை லேசாக இழுத்தேன். மூன்று கீலும் வரிசையாக, சத்தமே இல்லாமல் வெளியே வந்தன.

"சார், ஃபுல்லா பசை போட்டோம் சார்" என்றான் ஒருவன்.

"எந்தப் பசை?"

"கெட்டிப் பசை சார். ஸ்ட்ராங்கா இருக்கும்னு..."

"ஸ்ப்ரே அடிச்சீங்களா?"

"சீக்கிரம் காயறதுக்கு அடிச்சோம் சார்."

வெளியே வந்த துண்டைக் காட்டினேன். விளிம்பு ஓரத்தில் இரண்டு மில்லிமீட்டர் மட்டும் கண்ணாடி மாதிரி மின்னியது. மீதி பாக்கெட்டில் இருந்தபடியே வெள்ளை வெளேரென்று இருந்தது. கெட்டிப் பசையை நார் உறிஞ்சாது. ஸ்ப்ரே அடித்தால் வாசலிலேயே உறைந்து மூடிக்கொள்ளும். உள்ளே ஒரு சொட்டும் போயிருக்காது. வெளியே இருந்து பார்க்கிறவருக்கு மட்டும் பிரமாதமாக ஒட்டியிருப்பதாகத் தெரியும்.

அந்த ராத்திரி அவர்களை உட்காரவைத்துச் செய்த முறையைத்தான் இன்றும் சொல்லித் தருகிறேன். வாசல் உறைந்துபோன பிளவுகளை விட்டுத் தள்ளிப் புதிதாகப் பிளவு வெட்டினோம். ஒவ்வொரு பிளவின் நடுவிலும் 2.4 மில்லிமீட்டர் ட்ரில்லைக் கையால் திருகி 12 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு துளை. பசை உள்ளே இறங்குவதற்கான கிணறு அது. ஒவ்வொரு கீலின் நடுக்கோட்டிலும் ஒரு குண்டூசி. ஊசி நிற்பதால் கீல் ஒரு பக்கமாக நழுவிப் போகாது, பாதிக்குப் பாதி இருக்கும். இரண்டு பலகையையும் சேர்த்து அழுத்திவிட்டு, ஊசியை எடுத்து, நடுவே ஒரு விசிட்டிங் கார்டை விட்டு வாங்குவோம். அந்த கனம்தான் நமக்கு வேண்டிய இடைவெளி. பிறகு எய்லரானைக் கடைசி வரை மடக்கிப் பார்ப்போம். அதன் முன்விளிம்பை இரண்டு பக்கமும் 45 டிகிரிக்குச் சீவியிருக்கிறார்களா என்பது இந்த இடத்தில் தெரிந்துவிடும். சீவாதவன் இடைவெளியை அகலப்படுத்தித்தான் அசைவை வாங்குவான்.

அதற்குப் பிறகுதான் பசை. பலகை மடங்கிய நிலையிலேயே மேல்பக்கம் ஆறு சொட்டு, ஒன்று உறிஞ்சிய பிறகு அடுத்தது. விமானத்தைக் கவிழ்த்து அடிப்பக்கமும் ஆறு சொட்டு. அவசரப்படாமல் அரை மணி விட்டுவிட்டு, பலகையை மேலும் கீழுமாக நிறையத் தடவை மடக்க வேண்டும். முதலில் விறைப்பாக இருக்கும், போகப் போக இளகும். பசை உறிஞ்சியது கண்ணுக்குத் தெரியாது என்பதால் ஒவ்வொரு கீலையும் தனித்தனியாக, விரல் நுனி வெளுக்கும் அளவுக்கு இழுத்துப் பார்க்க வேண்டும்.

சென்னையில் இந்தப் பசைக்கென்று தனி உபத்திரவம் உண்டு. ஈரம் பட்டால்தான் சையனோஅக்ரிலேட் உறையும். ஐப்பசி கார்த்திகையில் பாட்டிலைத் திறந்து வைத்தால் நாலு நாளில் தண்ணீர்ப் பசை தேனாகிவிடும். மார்ச்சில் ஆறு சொட்டையும் குடித்த கீல், நவம்பரில் மூன்றாவது சொட்டிலேயே வாயை மூடிக்கொள்ளும். அதனால் சின்ன பாட்டிலாக வாங்கி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைப்பேன். எடுத்த கையோடு திறக்கக் கூடாது. குளிர்ந்த பாட்டிலுக்குள் வெளிக்காற்றின் ஈரம் இறங்கிவிடும். அறைச் சூட்டுக்கு வரட்டும் என்று ஒரு மணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறக்க வேண்டும்.

க்ளோ என்ஜின் காலத்தில் இன்னொரு எதிரி எண்ணெய். மெத்தனாலோடு கலந்த விளக்கெண்ணெய் எரியாமல் புகைபோக்கி வழியே வந்து விமானம் முழுக்கப் பூசிக்கொள்ளும். துடைத்தாலும் கீல் பிளவு வழியே மரத்துக்குள் இறங்கும். பழைய விமானத்தை வாங்கினால் கீல் கோட்டை வெளிச்சத்தில் பார்க்கச் சொல்வேன். மரம் மஞ்சள் பாய்ந்து இருட்டாகத் தெரிந்தால் அங்கே எந்தப் பசையும் பிடிக்காது. மக்காச்சோள மாவை ஸ்பிரிட்டில் குழைத்துப் பூசிக் காயவைத்தால் மாவு எண்ணெயை இழுத்துக்கொள்ளும். ரொம்ப முற்றியிருந்தால் அந்த மரத்தையே வெட்டி எடுத்துவிட்டுப் புதுப் பால்சா வைப்பதுதான் வழி. எண்ணெய் மரத்தில் புதுக் கீல் வைத்துக் கொடு என்று கேட்டவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

கீல் கழன்றால் விமானம் போகும், அது எல்லாருக்கும் புரிகிறது. கீல் கெட்டியாக இருந்து, இடைவெளியும் ஆட்டமும் இருந்தால் என்ன ஆகும் என்பதை ஒரு முறை பார்த்தால்தான் நம்புவார்கள். திருப்போரூர் பக்கம் காய்ந்த ஏரியில் ஒரு கோடையில் நண்பர் ஒருவர் தன் வேக விமானத்தை உயரத்திலிருந்து சரித்து இறக்கினார். பாதி வழியில் 'பர்ர்ர்' என்று ஒரு சத்தம், தகரத்தை யாரோ நடுங்கவிட்ட மாதிரி. என்ஜின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. இரண்டு விநாடி இருக்கும். வலது எய்லரான் தனியாகச் சுழன்றுகொண்டு கீழே வந்தது. விமானம் அதற்கு முன்பே தரையில் இருந்தது.

இதற்கு ஃப்ளட்டர் என்று பெயர். பலகை லேசாக ஆடும்; அந்த ஆட்டத்துக்கு இறக்கை முறுக்கும்; முறுக்கிய இறக்கை பலகையை இன்னும் ஆட்டும். வேகம் ஒரு வரம்பைத் தாண்டினால் காற்றே இந்த ஆட்டத்துக்குத் தீனி போடும். எடுத்துப் பார்த்தோம். மூன்று கீலும் இறக்கையோடு பத்திரமாக இருந்தன, பிய்ந்தது எய்லரானின் மரம். பலகையில் நிற்கும் கன்ட்ரோல் ஹார்னில் புஷ்ராட் கம்பி நுழையும் துளை தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தது. கீல் கோட்டில் இரண்டு மில்லிமீட்டர் வெளிச்சம் தெரிந்தது.

பெரிய விமானங்களும் இந்தப் பாடத்தை இப்படித்தான் படித்தன. முதல் உலகப் போரின்போது, 1916-ல், இங்கிலாந்தின் ஹேண்ட்லி பேஜ் குண்டுவீச்சு விமானத்தின் வால் பயங்கரமாக நடுங்கியது. ஆராய்ந்த பொறியாளர் லான்செஸ்டர் சொன்னது, இடது எலிவேட்டரும் வலது எலிவேட்டரும் ஒன்றோடொன்று இணையாமல் தனித்தனியாக ஆடுகின்றன என்பது. இரண்டையும் முறுகாத குழாயால் இணைத்ததும் தீர்ந்தது. நம் மாடலில் இரண்டு எலிவேட்டர் பாதிகளையும் சேர்க்கும் வளைந்த கம்பிக்கும் வேலை அதேதான். எடை குறைக்கிறேன் என்று அந்தக் கம்பியை மெலிதாகப் போடுகிறவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்வேன். கீல் கோட்டின் அடிப்பக்கம் முழுக்கத் ஒளிபுகும் டேப்பை ஒட்டி இடைவெளியை அடைப்பதையும் அந்தக் கோடைக்குப் பிறகுதான் எங்கள் கூட்டத்தில் எல்லாரும் வழக்கமாக்கிக்கொண்டார்கள். பலகையைக் கடைசி வரை மேலே தூக்கி வைத்துக்கொண்டு டேப்பை இடுக்குக்குள் அழுத்த வேண்டும். நேராக வைத்து ஒட்டினால் அந்த டேப்பே பலகையைத் தூக்கவிடாது.

பிறகு ஃபோம் வந்தது. பால்சா ஈக்வடாரிலிருந்து வர வேண்டும். ஃபோம் மூலைக்கடையில் கிடைக்கிறது. பள்ளிப் பையன்கள் விளம்பரப் பலகைக்கான கோரோ ஷீட்டில் ஒரு பக்கத் தோலை மட்டும் கீறி மடக்கிவிடுகிறார்கள். மறுபக்கத் தோலே கீல், இடைவெளி பூஜ்யம். தெர்மோகோல் விமானத்துக்கு டேப் கீல். தெர்மோகோலில் சாதாரண சி.ஏ. பசை பட்டால் கரைந்து குழியாகிவிடும் என்பதால் அங்கே வேறு வழியும் இல்லை. ஆனால் சித்திரை வெயிலில் காரின் மேல் வைத்த விமானத்தில் டேப்பின் பசை இளகி, பலகை மெல்ல நகர்ந்து நிற்பதைப் பார்க்கலாம். நார் ஓடும் டேப்பாக, மேலும் கீழும், ஸ்பிரிட்டால் துடைத்த பிறகு ஒட்டினால்தான் ஒரு சீசன் தாங்கும்.

பெட்டியைத் திறந்தால் பறக்கத் தயாராக வரும் விமானங்கள்தான் இந்த வேலையில் நான் பார்த்த பெரிய மாறுதல். கீல் ஃபாக்டரியிலேயே ஒட்டி வருகிறது. ஒரு டாக்டர் அப்படி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். பெரிய பெட்ரோல் விமானம், ஒரு பைக்கின் விலை. மேஜையில் வைத்ததும் எலிவேட்டரைப் பிடித்து இழுத்தேன். அவர் முகம் மாறிவிட்டது.

"சார், பிராண்ட் நியூ. ஏன் இப்படிப் போட்டு இழுக்கறீங்க?"

"நான் இழுத்தா கையோட வரும் டாக்டர். மேலே காத்து இழுத்தா தேடித்தான் எடுக்கணும்."

இரண்டாவது கீல் வந்தது. வெள்ளையாக, காய்ந்து, ஒரு சொட்டுப் பசை கூடப் படாமல். யாரோ ஒரு தொழிலாளி வரிசையில் ஒன்றை விட்டுவிட்டிருக்கிறார். ஆயிரக்கணக்கில் ஒட்டுகிற இடத்தில் அது நடக்கத்தான் செய்யும். டாக்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவரே மீதியை ஒவ்வொன்றாக இழுக்க ஆரம்பித்தார். நாமே ஒட்டிய காலத்தில், எந்தக் கீலில் பசை குறைவு என்று நமக்கே உள்ளூரத் தெரியும். அடுத்தவர் ஒட்டியதில் அந்தத் துப்பும் கிடையாது.

2018 வாக்கில் குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர்களின் தக்ஷா ட்ரோன் குழுவுக்கு நடிகர் அஜித்குமார் ஆலோசகர் என்று செய்தி வந்த பிறகு, பட்டறைக்கு வரும் கூட்டமே மாறியது. முக்கால்வாசிப் பேருக்கு வேண்டியது நாலு மோட்டார் ட்ரோன். அதில் அசையும் பலகையே கிடையாது, கீலும் கிடையாது. என் வேலை முடிந்தது என்றே நினைத்தேன். ஆனால் அதிக தூரம் போய் நிலம் அளக்க வேண்டுமென்றால் இறக்கை வைத்த ட்ரோனில்தான் பேட்டரி தாங்கும் என்று தெரிந்ததும், எய்லரானும் எலிவேட்டரும் திரும்பி வந்துவிட்டன. 2021-ன் ட்ரோன் விதிகளும் 25 கிலோவுக்கு உட்பட்டு, கண்ணுக்கெட்டும் தூரத்துக்குள், படிப்புக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ பறக்கும் மாடல்களைத் தனி வகையாக வைத்திருக்கின்றன.

இப்போதைய பையன்கள் கீலை இறக்கையோடு சேர்த்தே 3டி பிரிண்டரில் அச்சடிக்கிறார்கள். பின்னுக்கு பிரிண்டரின் 1.75 மில்லிமீட்டர் இழையையே வெட்டிச் செருகிவிடுகிறார்கள். மூன்று கீலும் ஒரே கோட்டில் நிற்பதற்கு ஆசாரியின் கட்டை தேவையில்லை, கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. பார்த்து அசந்துபோனேன். ஆனால் அவர்கள் அச்சடிக்கும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரி வாக்கில் இளகிவிடும். மே மாதத்தில் கண்ணாடி ஏற்றிய காருக்குள் வெயில் நேராக விழும் இடத்தில் வைத்தால் அந்தச் சூடு வந்துவிடும். காலையில் தன் எடையிலேயே விழுந்த எலிவேட்டர், மதியம் சாப்பிட்டு வந்து பார்த்தால் பாதியில் நிற்கும்.

அதனால் புதிதாக வருகிறவர்களிடம் எந்தக் கீல் நல்லது என்று நான் பட்டியல் போடுவதில்லை. தைத்ததும் பறந்தது, ஃப்ளாப்பியும் பறந்தது, அச்சடித்ததும் பறக்கிறது. நான் சொல்வது வேலையின் வரிசையைத்தான். பசை இல்லாமல் எல்லாக் கீலையும் பொருத்திப் பார். தன் எடையில் விழுகிறதா பார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இடைவெளியைப் பார். ஹார்னின் துளை கீல் கோட்டுக்கு நேர்மேலே இருக்கிறதா பார். ஒட்டிய பிறகு நீ இழுக்காதே, பக்கத்தில் இருப்பவனை இழுக்கச் சொல். உன் கை உன் வேலைக்கு இரக்கம் காட்டும்.

இன்னொன்றையும் சொல்வேன், அதைத்தான் யாரும் கேட்பதில்லை. என்ன வேலையை வேண்டுமானாலும் பறக்கவிடும் நாளுக்கு முதல் நாள் ராத்திரி செய்துகொள்ளுங்கள். ஸ்டிக்கர் ஒட்டுங்கள், பேட்டரி ஏற்றுங்கள், ரேடியோ செட் பண்ணுங்கள். கீலை மட்டும் அந்த ராத்திரிக்கு வைக்காதீர்கள். அந்த நேரத்தில் எந்த இடைவெளியைப் பார்த்தாலும் 'இது போதும்' என்றுதான் தோன்றும்.